எண் ஒன்று, டேட்டா வேறொன்று

ஊர்ப் பயணத்துக்கு ஆயத்தமாகும் மொன்றியல் தமிழர் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஜூன் 24 நெருங்கும்போது கியூபெக்கில் பள்ளிக்கூடங்கள் மூடிவிடும். அடுத்த இரண்டு மாதமும் ட்ருடோ விமான நிலையத்தில் நம்மவர்களைக் காணாத நாள் இருக்காது. நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போய் 25 நாளும் நின்று தேரும் தீர்த்தமும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், கலியாணத்துக்குச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போகிறவர்கள், வழியில் பாரிசில் இறங்கி லா ஷப்பலில் உறவுகளைக் கண்டுவிட்டுப் போகிறவர்கள் என்று இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். பெட்டிக்குள் எத்தனை கிலோ, யாருக்கு எந்தச் சாமான் என்பதையெல்லாம் பனிக்காலத்திலேயே கணக்குப் பார்த்து வைத்துவிடுகிறோம். கையிலிருக்கும் தொலைபேசிக்கு அங்கே இணையம் எப்படி வரும் என்பதை மட்டும் விமானம் தரையைத் தொட்ட பிறகுதான் நினைக்கிறோம். களைத்துப்போய், பிள்ளை அழ, வரிசையில் நின்றபடி ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிடுகிறோம். திரும்பி வந்த பிறகு அதற்குப் பில் வருகிறது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். உங்கள் தொலைபேசியில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, உங்களைப் பிறர் அறிந்திருக்கும் எண்: வங்கி அறிந்த எண், வரித் திணைக்களம் அறிந்த எண், பிள்ளையின் பள்ளிக்கூடம் அறிந்த எண். மற்றது டேட்டா. வரைபடம் பார்க்க, வட்ஸ்அப்பில் பேச, படம் அனுப்பத் தேவைப்படுவது அதுதான். அது எந்தக் கோபுரத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் உலகில் எங்கும் இல்லை. எண்ணை இங்கிருந்து கொண்டுபோங்கள். டேட்டாவைப் போகிற இடத்தில் வாங்குங்கள். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சின்னச் சின்ன விவரங்கள்தான். ஆனால் பணம் அந்த விவரங்களில்தான் போகிறது என்பதால் அவற்றையும் பேசுவோம்.

எண்ணையும் தொலைபேசியையும் பிரிக்கலாம் என்பதைக் கனடாவுக்குக் காட்டியது இந்த நகரம்தான். 1991-இல் பின்லாந்தில் ஜி.எஸ்.எம். சேவை தொடங்கியபோது சிம் அட்டை பிறந்தது. 1996-இல் மொன்றியலைச் சேர்ந்த மைக்ரோசெல் நிறுவனம் ஃபைடோ என்ற பெயரில் கனடாவின் முதல் ஜி.எஸ்.எம். சேவையைத் தொடங்கியது. 2004-இல் ரொஜர்ஸ் அதை வாங்கிக்கொண்டது. பெல், ரெலஸ் இரண்டும் சிம் இல்லாத வேறொரு தொழில்நுட்பத்தில் இருந்தன. 2009 கடைசியில்தான் சிம் பக்கம் வந்தன. அந்தக் காலத்தில் ஊருக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். ஃபைடோ தொலைபேசி வைத்திருந்தவர், அது அங்குள்ள அலைவரிசையைப் பிடிக்கும் வகையாக இருந்தால், கொழும்பில் ஒரு சிம் வாங்கிப் போட்டுப் பேசினார். மற்றவருடைய தொலைபேசி பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அதற்கும் முந்தைய காலம் அழைப்பு அட்டைகளின் காலம். ஜோன் தலோன் வீதியிலும் கோட் டி நேஜ் பகுதியிலும் நம்மவர் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தொங்கும். சுரண்டி எண்ணை எடுத்து, நீண்ட இலக்கங்களை அழுத்தி, அம்மாவின் குரல் வரும்வரை காத்திருப்போம். அட்டையில் அச்சிட்ட நிமிடங்கள் ஒருபோதும் முழுதாகக் கிடைத்ததில்லை. இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கழிந்துவிடும். விலையைப் பெரிய எழுத்திலும் நிபந்தனையைச் சிறிய எழுத்திலும் போடும் வழக்கம் இன்றைய பயண டேட்டாத் திட்டங்களிலும் இருக்கிறது. அன்று அட்டையின் பின்பக்கத்தைப் படித்த அதே கவனத்தோடு இவற்றையும் படிக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் நம்மவர் பங்கு பெரியது. 2001-இல் பாஸ்கரன் கந்தையா, ரஞ்சித் லியோன், ரதீசன் யோகநாதன் என்ற மூன்று ஈழத்தமிழர்கள் தங்கள் பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்து லெபாராவைத் தொடங்கினார்கள். 2006-இல் சுபாஸ்கரன் அல்லிராஜா லைக்கா மொபைலைத் தொடங்கினார். இரண்டுக்கும் சொந்தமாகக் கோபுரம் இல்லை. பெரிய நிறுவனங்களின் கோபுரங்களில் நேரத்தை மொத்தமாக வாங்கி, புலம்பெயர்ந்தவர்களுக்குச் சில்லறையாக விற்றார்கள். ஐரோப்பா முழுவதும் அது நடந்தது. இன்று ஏராலோ, ஹோலாஃப்ளை போன்ற பயண இ-சிம் நிறுவனங்கள் செய்வதும் அடிப்படையில் அதே வியாபாரம்தான். ஆகவே எந்த விளம்பரத்தைக் கண்டாலும் முதலில் கேளுங்கள்: இது அந்த நாட்டில் யாருடைய கோபுரத்தில் ஏறுகிறது? யாழ்ப்பாணத்தில் உங்கள் வீட்டுக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் வருகிறது என்று மாமியைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். எந்த விமர்சனத்தையும்விட அந்தப் பதிலை நம்பலாம்.

இப்போது ரோமிங். கனடிய சிம்மோடு வேறு நாட்டில் இறங்கினால் அங்குள்ள நிறுவனத்தின் கோபுரம் உங்களை ஏற்றுக்கொள்கிறது. பின்னர் உங்கள் நிறுவனத்திடம் கட்டணம் கேட்கிறது. டேட்டா பெரும்பாலும் சுற்றுவழியில் போகிறது. நீங்கள் நல்லூரில் நின்றுகொண்டு யாழ்ப்பாணச் செய்தித்தாளைத் திறந்தாலும், அந்தக் கோரிக்கை கனடாவுக்கு வந்து, இங்கிருந்து இலங்கைக்குப் போய், மறுபடி இங்கே வந்து உங்களிடம் திரும்பும். ரோமிங்கில் எல்லாம் மந்தமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

விலை? பெரிய மூன்று நிறுவனங்களிலும் அமெரிக்காவுக்கு வெளியே ஒரு நாளுக்கு 15 டொலருக்கு மேல். ஒரு மாதம் நிற்கும் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். இன்னொரு விமான ரிக்கெற்றின் விலை வரும். சில திட்டங்கள் ஒரு பில் மாதத்தில் இத்தனை நாளுக்கு மேல் அறவிடுவதில்லை என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்பையும், நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறதா என்பதையும் போகுமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த விலை நியாயமானதல்ல என்பது என் கருத்து மட்டுமல்ல. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் சீ.ஆர்.ரி.சி. 2024 ஒக்ரோபரில் இதை ஆராய்ந்து, பயணம் செய்யும் கனடியர்கள் அதிக விலை கொடுக்கிறார்கள், அவர்களுக்குப் போதிய தெரிவு இல்லை என்று கூறியது. என்ன செய்யப்போகிறீர்கள் என்று பெல், ரொஜர்ஸ், ரெலஸ் மூன்றிடமும் விளக்கம் கேட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2017 ஜூன் 15 முதல் ஒரு நாட்டு சிம்மை மற்ற நாடுகளில் உள்நாட்டு விலைக்கே பயன்படுத்தலாம். அந்த விதி 2032 வரை நீடிக்கப்பட்டுள்ளது. பாரிசில் வாங்கிய சிம்மோடு ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் போய் வரலாம். லா ஷப்பலில் இறங்குகிறவர்கள் அங்கேயே ஒரு சிம் வாங்கினால் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அது போதும். லண்டன் அதில் சேராது. சுவிற்சர்லாந்தும் சேராது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் நாடுகள் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

ரோமிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுபது வயது அம்மா தனியாகப் போகிறார், டோகாவில் விமானம் மாறுகிறார் என்றால், அந்தப் பயண நாளுக்கு ரோமிங் போட்டுவிடுங்கள். அவர் எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம், எந்தக் குறியீட்டையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். தொலைபேசியைத் திறந்ததும் உங்களோடு பேச வேண்டும். அதற்குக் கொடுக்கும் 15, 20 டொலர் தண்டமல்ல. ஊரில் தம்பியோ மகளோ வந்து ஏற்றிக்கொண்ட பிறகு உள்ளூர் சிம்முக்கு மாறலாம்.

அடுத்தது பயண இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் தொலைபேசிக்குள்ளேயே ஏற்றும் சிம். கடைக்குப் போக வேண்டாம். வீட்டில் இருந்தபடியே வாங்கலாம். உங்கள் தொலைபேசியில் *#06# என்று அழுத்துங்கள். ஈ.ஐ.டி. என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் வந்தால் அது இ-சிம்மை ஏற்கும். கனடாவில் 2017 டிசம்பர் முதலாம் திகதிக்குப் பிறகு விற்ற தொலைபேசிகள் பூட்டில்லாமல்தான் விற்கப்பட வேண்டும். பழையது பூட்டியிருந்தாலும் பணமில்லாமல் திறந்து தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 கனடாவில் சிம் தட்டே இல்லாமல் விற்பனையாகிறது. யாழ்ப்பாணத்தில் வீதியோரக் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் சிம்மை அதற்குள் போட முடியாது. இந்த வருடம் புதுத் தொலைபேசி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிற இளையவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். டயலொக், மொபிடெல் போன்ற நிறுவனங்கள் இ-சிம் தருகின்றன. அதை அவர்களுடைய நிலையத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இ-சிம்மை மொன்றியலை விட்டுக் கிளம்புமுன்னரே தொலைபேசிக்குள் ஏற்றிவிடுங்கள். ஏற்றுவதற்கே இணையம் வேண்டும். இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: 2024 ஜனவரியில் இந்திய அரசின் உத்தரவால் ஏராலோ, ஹோலாஃப்ளை செயலிகள் அங்குள்ள ஆப்பிள், கூகிள் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. சென்னையில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனால் வழி இல்லாமல் போகலாம். ‘வரம்பற்ற டேட்டா’ என்று எழுதியிருந்தால், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைக்கிறார்கள், பிள்ளைகளின் ஐபேடுக்கு ஹொட்ஸ்பொட் கொடுக்கலாமா என்று பாருங்கள். சில இ-சிம்களின் டேட்டா ஹொங்கொங், போலந்து என்று மூன்றாம் நாட்டு வழியாகப் போகும். அப்போது உங்கள் வங்கிச் செயலி நீங்கள் அங்கே இருப்பதாக எண்ணி உள்ளே விட மறுக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பெரும்பாலான பயண இ-சிம்களில் டேட்டா மட்டும்தான் உண்டு, எண் கிடையாது. பாரிசிலோ ரோக்கியோவிலோ சுற்றிப் பார்க்கப் போனவருக்கு அது பெரிய குறை அல்ல. இலங்கையில் அது பெருங்குறை. கொழும்பில் பிக்மீயில் வண்டி கேட்டால் சாரதி உங்களைத் தொலைபேசியில் அழைத்து ‘எங்கே நிற்கிறீர்கள்’ என்று கேட்பார். வீட்டுக்குத் தண்ணீர் மோட்டர் திருத்த வருபவர், கோயில் ஐயர், வான்காரர், காணி அலுவலைப் பார்க்கும் எழுதுவினைஞர் யாரும் கனடா எண்ணுக்கு அழைக்க மாட்டார்கள். இரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் 1990-க்கு அழைக்க வேண்டும். அந்த இலவச அம்புலன்ஸ் சேவைக்கு உங்கள் குரல் போய்ச் சேர வேண்டும். ஆகவே இலங்கைக்குப் போகிறவர்களுக்கு என் முடிவு ஐயத்துக்கு இடமில்லாதது: உள்ளூர் சிம் வாங்குங்கள்.

கட்டுநாயக்காவில் வெளியே வரும் மண்டபத்திலேயே நிறுவனங்களின் கவுண்டர்கள் இருக்கின்றன. கடவுச்சீட்டைக் காட்டினால் அங்கேயே சிம்மைப் போட்டு, வேலை செய்கிறதா என்று பார்த்துத் தருவார்கள். இங்கே ஒரு நாள் ரோமிங்குக்குக் கொடுக்கிற பணத்தை ஒட்டிய தொகையில் அங்கே ஒரு மாதத்துக்கான பொதி கிடைக்கும். தீர்ந்தால் சந்திக் கடையில் ரீலோட் செய்யலாம். மச்சானுடைய அடையாள அட்டையில் எடுத்த சிம்மை வாங்கிப் பாவிப்பது நம்மிடையே சாதாரணம். அதைச் செய்யாதீர்கள். அந்த எண்ணில் நடக்கும் எல்லாவற்றுக்கும் சட்டப்படி அவர்தான் பொறுப்பு. நாம் விமானம் ஏறிவிடுவோம், கேள்வி அவரிடம் வரும்.

இந்தியாவில் வெளிநாட்டவர் சிம் வாங்கக் கடவுச்சீட்டும் விசாவும் காட்ட வேண்டும். உயிர்பெறச் சில மணி நேரம் பிடிக்கலாம். இறங்கிய முதல் நாளைச் சமாளிக்க ஒரு சிறிய இ-சிம் கையில் இருப்பது நல்லது. தேநீர்க் கடைவரை யு.பி.ஐ. என்ற தொலைபேசிவழிப் பணக் கொடுப்பனவு வந்துவிட்ட நாடு அது. அங்கே வங்கிக் கணக்கு வைத்திருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வெளிநாட்டு எண்களையும் யு.பி.ஐ.யோடு இணைக்கலாம் என்று 2023 ஜனவரியில் அனுமதித்தபோது, பட்டியலிலிருந்த 10 நாடுகளில் கனடாவும் ஒன்று. உங்கள் வங்கி அதைச் செய்து தருகிறதா என்று இங்கிருந்தே கேளுங்கள்.

இனி எண்ணைக் காப்பாற்றும் விஷயம். இதில்தான் மிகப் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஊரில் இறங்கியதும் கனடா சிம்மைக் கழற்றிப் பணப்பைக்குள் வைத்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து வாடகைப் பணம் கட்ட வங்கிக்குள் நுழைந்தால், ஆறு இலக்கக் குறியீட்டை அந்தக் கழற்றிய எண்ணுக்குத்தான் வங்கி அனுப்பும். சிம்மைக் கழற்றாதீர்கள். இரண்டு சிம் போடக்கூடிய தொலைபேசி என்றால் இரண்டையும் உயிரோடு வைத்து, கனடா சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்துங்கள். டேட்டாவுக்கு உள்ளூர் சிம்மைத் தெரிவு செய்யுங்கள். பெரும்பாலான மாதாந்தத் திட்டங்களில் வருகிற குறுஞ்செய்திக்குப் பணம் இல்லை. அழைப்பை எடுத்தாலோ பதில் அனுப்பினாலோதான் அன்றைய நாளுக்கான கட்டணம் விழும். மலிவான முற்கொடுப்பனவுத் திட்டங்கள் பல அமெரிக்காவைத் தாண்டினால் வேலை செய்யாது. அப்படிப்பட்ட திட்டத்தில் இருக்கிறவர்கள் போகுமுன் வங்கியின் குறியீடு மின்னஞ்சலிலோ செயலியிலோ வரும்படி மாற்றிக்கொள்ள வேண்டும். புதுச் சிம் போட்டதும் வட்ஸ்அப் ‘எண்ணை மாற்றவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து ஓடும்.

கோடையில் ஊரிலிருந்து இங்கே வரும் பெற்றோருக்கும் இதே விதிதான். சுப்பர் விசாவில் வருடக்கணக்கில் நிற்கிறார்கள். அவர்களுடைய இலங்கை அல்லது இந்திய எண்ணுக்குத்தான் ஓய்வூதியக் கணக்கின் குறியீடு வரும். அந்தச் சிம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே டேட்டாவுக்கு வீடியோட்ரோனின் ஃபிஸ் போன்ற ஒரு மலிவுத் திட்டம் போதும். ஃபிஸ்ஸில் மீந்த டேட்டா அடுத்த மாதத்துக்கும் வரும், ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கவும் முடியும் என்பது குடும்பங்களுக்கு நல்ல வசதி. மெட்ரோவின் 68 நிலையங்களிலும் சிக்னல் உண்டு. வழி தெரியாத பெரியவர் பார்க் நிலையத்தில் நின்று உங்களை அழைக்கலாம்.

2022 ஜூலை 8-ஐ நாம் மறக்கக்கூடாது. அன்று ரொஜர்ஸ் வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள்; ரொஜர்ஸின் ஃபைடோவும் சேர்ந்தே விழுந்தது. கடைகளில் இன்ரராக் நின்றது, பலரால் 911-ஐக்கூட அழைக்க முடியவில்லை. ஒரே தொலைபேசியில் வேறு வலையமைப்பின் இரண்டாவது இணைப்பு வைத்திருந்தவர் அன்று துண்டிக்கப்படவில்லை. எண்ணையும் டேட்டாவையும் பிரித்து வைப்பது பயணத்துக்கு மட்டும் உரிய பழக்கமல்ல.

கடைசியாகச் சட்டம். 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கம்பியில்லாத் தொடர்பு விதிக்கோவையின்படி, நீங்கள் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் ஒரு பில் மாதத்தில் 100 டொலருக்கு மேல் டேட்டா ரோமிங் கட்டணம் சேர முடியாது. உள்நாட்டில் அளவுக்கு மேல் பாவித்த டேட்டாவுக்கு அந்த வரம்பு 50 டொலர். அந்தச் சம்மதம் பெரும்பாலும் ஒரு குறுஞ்செய்தியாகத்தான் கேட்கப்படும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வரும் அந்தச் செய்தியைப் படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்திவிடுகிற பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை இன்றிரவே சொல்லிவையுங்கள்.

தவறான பில் வந்தால் வாய்மூடிக் கட்டிவிடாதீர்கள். முதலில் உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் தொலைத்தொடர்புப் புகார்களை விசாரிக்க 2007-இல் அமைக்கப்பட்ட சி.சி.ரி.எஸ். இருக்கிறது. அது உங்களிடம் ஒரு சதமும் கேட்காது. பிரெஞ்சு எழுத வராத பெற்றோருக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டியது இந்த மண்டபத்தில் இருக்கும் பிள்ளைகளின் கடமை. தயவுசெய்து செய்து கொடுங்கள்.